பதினைந்து அங்குலப் பெட்டி

அல்சூர்,
6 மே 2025

சிரில் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அக்காவாக எழுதவில்லை. வாடிக்கையாளராக எழுதுகிறேன். ஆகவே நலம் விசாரிப்பு கிடையாது. போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை நீ பேசியதற்குப் பிறகு உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. எழுத்தைப் படிப்பதில் ஆட்சேபணை இல்லை.

நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கொயர் கமிட்டிக்குப் புது சவுண்ட் சிஸ்டம் விற்க வந்த நீ, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே, "மௌரீன் அக்கா பேஸ் இருந்தாலும் இல்லைன்னாலும் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது சார், லேப்டாப்லயே போட்டுக்கலாம்" என்றாய். கொயர் மாஸ்டர் ஞானசேகரன் தலையாட்டினார். பத்தொன்பது வருஷம் ஞாயிறு தவறாமல் பேஸ் கிட்டார் வாசித்தவளை ஒரு தலையாட்டலில் வீட்டுக்கு அனுப்பினீர்கள். எனக்கு அந்த வாத்தியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் பேனல் வயரிங் செய்துகொண்டே, கான்டீன் ரேடியோவில் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த சத்தம் எது என்று தேடிப் பிடித்து நானே கற்றுக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ராக் பேண்ட் ஆரம்பித்திருக்கிறேன். மூன்று பேர். பேஸ், நான். டிரம்ஸ், கிருஷ்ணப்பா, சிட்டி பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர், டிப்போ பேண்ட் செட்டில் டிரம் அடித்தவர். கிட்டாரும் பாட்டும் காந்தா. எங்கள் தெருமுனையில் ஷாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடைக்காரி. இளவயதில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பாடியவள். கொரோனா அடைப்பில் வீடியோ பார்த்துக் கிட்டார் பழகினாள். மூன்று பேர் வயதையும் கூட்டினால் நூற்றெண்பத்தேழு. பேண்டின் பெயர் 'கேக்குதா?'.

செப்டம்பர் 7 ஞாயிறு, மாதா திருவிழா கலை நிகழ்ச்சியில் இருபத்தைந்து நிமிஷம் கேட்டு மனு கொடுத்தேன். ஃபாதர் சரி என்றார். ஞானசேகரன் ஒரு நிபந்தனை சேர்த்தார். கோயில் சிஸ்டம் கொயருக்கு மட்டும், மற்றவர்கள் அவரவர் கருவியோடு வர வேண்டும். எங்களிடம் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கருவி இல்லாவிட்டால் பேர் தானாக லிஸ்டிலிருந்து விழுந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

என் தேவை ஒன்றுதான். அதே கோயில் மைதானத்தில், அதே ஜனங்களுக்கு, என் பேஸ் கேட்க வேண்டும். அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுது. விவரம் மட்டும் போதும்.

மௌரீன்
(வாடிக்கையாளர்)


ஹெப்பகோடி,
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே ஊருக்குள் ஸ்பீட் போஸ்ட் போட்டுக்கொள்ளும் அக்காவும் தம்பியும் நாம் மட்டும்தான் இருப்போம். தபால்காரர் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை கிழித்தேன். வாடிக்கையாளர் விவரம் மட்டும் கேட்டிருப்பதால் விவரம் மட்டும் எழுதுகிறேன்.

டிரம்ஸ்: எலக்ட்ரானிக் டிரம் போதும். ஹெட்போன் மாட்டி அடித்தால் பக்கத்து வீட்டில் சண்டை வராது. கார் டிக்கியில் அடங்கும்.

பேஸ்: உன் பழைய ஆம்ப்ளிஃபையர் பெட்டியே இருக்கிறது. அதன் முன்னால் மைக் வைத்துச் சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் சின்னக் கீபோர்டு ஆம்ப் ஒன்று பார்க்கலாம். பெரிய பேஸ் பெட்டி முப்பத்தைந்து கிலோ இருக்கும் அக்கா. உன் இடுப்பு?

கிட்டார்: பதினைந்து வாட் பெட்டி. பாட்டுக்கு வயர்லெஸ் மைக் ஒன்று, ஸ்பீக்கர் ஒரு ஜோடி.

இதில் எதுவும் நீ வாங்க வேண்டாம். எல்லாம் என் கோடவுனில் இருக்கிறது. நானே கொண்டுவந்து நானே மாட்டிக் கொடுக்கிறேன். கோபத்தை விட்டுவிடு.

உன் தம்பி
சிரில்


அல்சூர்,
15 மே 2025

சிரில் சவுண்ட் சர்வீஸ்,

உன் பட்டியலைப் படித்தேன். ராக் பேண்டுக்கு எழுதிய பட்டியலாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வார்டுக்கு எழுதியது போலிருந்தது.

எலக்ட்ரானிக் டிரம் வேண்டாம். கிருஷ்ணப்பாவிடம் காட்டினேன். "ஏன் மேடம், ரப்பர் தட்டுல அடிக்கறதுக்கு நான் எதுக்கு? முப்பது வருஷம் லோடு பஸ்ஸுல பிரேக் அழுத்தின காலு இது. மிதிச்சா எதிர்ல ஏதாவது நிக்கணும்" என்றார். நியாயம். வயர்லெஸ் மைக் வேண்டாம். பேட்டரி தீர்ந்து பாதிப் பாட்டில் நிற்பதை எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். என் இடுப்பைப் பற்றி நீ எழுத வேண்டாம். உன் கோடவுனும் வேண்டாம். என் கருவியை நான் வாங்குவேன்.

நேற்று மூவரும் மார்க்கெட் பக்கம் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் நேரே என்னிடம் வந்தான்.

"வாங்க ஆன்ட்டி. பேரனுக்கா? கீபோர்டு பாக்கறீங்களா?"

"எனக்கு. பேஸ் ஆம்ப் காட்டு."

"உங்களுக்கா!" என்று சிரித்து, கையில் ஒரு பேஸைக் கொடுத்து, ஒயரை ஒரு கிட்டார் ஆம்பில் சொருகினான்.

"தம்பி, இது கிட்டார் பெட்டி. இதுல பேஸ் போட்டு சத்தம் ஏத்தினா ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சுடும். பிடுங்கு முதல்ல."

அவன் முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி என் காய்த்துப்போன விரல் நுனிகளைப் பார்த்தார். அதன் பிறகு எங்களுக்கு டீ வந்தது. காந்தா ஒரு கிட்டாரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கிருஷ்ணப்பா ஒரு டிரம் செட்டில் உட்கார்ந்து கிக் டிரம்மை ஒரு மிதி மிதித்தார். சுவரில் மாட்டியிருந்த மூன்று வயலின் ஆடின. "இது, இது!" என்றார். அந்த டிரம் செட் முடிவாகிவிட்டது.

பேஸ் பெட்டி மட்டும் முடிவாகவில்லை. எட்டு அங்குல ஸ்பீக்கர், பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். கடைக்குள் எல்லாமே நன்றாகத்தான் கேட்கிறது. மைதானத்தில் எது கேட்கும்? இதற்கு மட்டும் பதில் எழுது.

இன்னொன்று. எல்லாப் பெட்டிக்கும் மெரூன் வெல்வெட்டில் உறை தைக்கத் துணி எடுத்துவிட்டேன். கோயிலில் என் ஆம்புக்குத் தைத்தேனே, அதே தடிப்பு. வாசிக்கும்போதும் மூடியிருந்தால் மேடை மரியாதையாக இருக்கும்.

மௌரீன்


ஹெப்பகோடி,
24 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உறை தைக்காதே.

இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்துவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். முடியாது. நீ அந்தத் துணியை மைதானத்துக்கும் கொண்டுபோய்விடுவாய்.

முதலில் நீ கேட்ட கேள்வி. பதினைந்து அங்குல ஸ்பீக்கர், முந்நூறு வாட். அதற்குக் குறைந்து வாங்காதே. திறந்த வெளியில் அடிச் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எட்டு அங்குலத்தால் அது ஆகாது. கனமாகத்தான் இருக்கும். நான் எழுதிய பட்டியல் தப்பு. நீ சும்மா ஆசைக்கு ஆரம்பிக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது மற்றது. கோயிலில் உன் பெட்டி எட்டு அங்குலம். அதில் அடி நாணின் கனம் வரவே வராது. வருவது நாணைச் சுண்டுகிற மேல் சத்தம் மட்டும். அதைக் கேட்டுத்தான் காது 'இது இந்த ஸ்வரம்' என்று கண்டுபிடிக்கும். அந்த மேல் சத்தத்தை வெல்வெட் தின்றுவிடும். கறுப்புப் பெட்டி பீடத்துக்குப் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று மாதர் சங்கத்தில் சொன்னார்கள், நீ சிலுவை பூவேலை போட்டு உறை தைத்தாய், அப்போதிருந்த ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அது பெட்டி மேலேயேதான் கிடந்தது. மந்திரித்த துணியை எடுக்க யாருக்குத் தைரியம் வரும்? கனம் பெட்டியில் இல்லை, மிச்சம் துணியில் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஏதோ முணுமுணுப்புத்தான் வந்தது.

நீ தப்பாக ஒரு ஸ்வரம் வாசித்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்றால்தான் அது தெரியும். அவ்வளவுதான்.

சிரில்


அல்சூர்,
2 ஜூன் 2025

சிரிலுக்கு,

சோதித்துப் பார்த்தேன்.

காந்தாவின் பாத்திரக் கோடவுன் அறுபதடி நீளம். ஒரு கோடியில் என் பழைய பெட்டி. மறு கோடியில் கிருஷ்ணப்பா முதுகைக் காட்டி நின்றார். ஸ்வரம் மாறுவது கேட்டால் கையைத் தூக்க வேண்டும். துணி இல்லாமல் இருபது மாற்றினேன். பதினோரு தடவை தூக்கினார். துணியைப் போட்டு இருபது, இரண்டு தடவை. அதில் ஒன்று கொசு கடித்துத் தூக்கியது என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு கடையிலிருந்து ஒருநாள் இரவலாகப் பதினைந்து அங்குலப் பெட்டி கொண்டுவந்து வாசித்தேன். இருபதுக்கு இருபது. காந்தா வாசலில் நின்று, "மௌரீனக்கா, என் வயித்துல வாசிக்கறே நீ!" என்று கத்தினாள்.

துணியைப் பற்றி நீ எழுதியது சரி. பெட்டியைப் பற்றி எழுதியதும் சரி. இதை இன்னொரு முறை எழுத மாட்டேன்.

இப்போது என் கேள்வி. நீ சவுண்ட் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷம். முதல் நாள் மிக்ஸரோடு கோயிலுக்கு வந்தபோதே உனக்கு இது தெரிந்திருக்கும். பதினோரு வருஷம் ஞாயிறுக்கு ஞாயிறு, நான் துணிக்கு அடியில் வாசிப்பதை நின்று பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு கமிட்டியில் எழுந்து நின்று, அவள் வாசிப்பது யாருக்கும் கேட்காது என்று அதையே காரணமாகச் சொன்னாய். கையைக் கட்டிப்போட்டவனே, இவளுக்கு எழுதத் தெரியாது என்று சாட்சி சொன்ன மாதிரி இருக்கிறது.

எனக்குத் தனியாக எழுதும் மன்னிப்பு வேண்டாம். எந்த அறையில் சொன்னாயோ அந்த அறையில், அதே ஆட்கள் முன்னால், குறை பெட்டியிலும் துணியிலும்தான் இருந்தது, வாசித்தவளிடம் இல்லை என்று சொல். உனக்குத் தெரிந்தும் மறைத்தாய் என்றும் சொல். அதுவரை நீ எனக்கு ஸ்பீக்கர் அளவு சொல்லும் ஆள் மட்டும்தான்.

மந்திரித்த துணியை எறிய முடியாது. அதைச் சுருட்டிக் கிருஷ்ணப்பாவின் கிக் டிரம்முக்குள் வைத்துவிட்டேன். உள்ளே துணி இருந்தால்தான் அது இரையாமல் 'தொம்' என்று நிற்கும் என்று படித்தேன். நிற்கிறது.

மௌரீன்


ஹெப்பகோடி,
21 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தால் அல்ல.

முதல் நாளே தெரியும். உண்மை. சொல்ல வாயைத் திறந்தபோது நீ படியில் உட்கார்ந்து அந்தத் துணியின் ஓரத்துக்குப் புது ஜரிகை தைத்துக்கொண்டிருந்தாய். "எப்படிடா இருக்கு?" என்றாய். "ஜோரா இருக்குக்கா" என்றேன். அடுத்த வாரம் சொன்னால், 'ஏன் போன வாரம் சொல்லவில்லை' என்பாய். அடுத்த வருஷம் சொன்னால், 'ஏன் ஒரு வருஷம்' என்பாய். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. உன்னிடம் தப்பு என்று ஒன்றைச் சொல்லி மீண்டவர்கள் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. அதுவும் உனக்குத் தெரியும்.

கமிட்டியில் சொன்னது வேறு. அதற்குச் சாக்கு இல்லை. இந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய ஆர்டர் அது. ஞானசேகரன் சார், "பேஸ் இல்லாம ஆகுமா?" என்று லேசாகக் கேட்டார். ஆகும் என்றால் ஆர்டர் அன்றைக்கே முடியும். சொல்லிவிட்டேன். நீ இருக்கிறாய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அதே அறையில் நின்று பேசச் சொல்கிறாய். சிஸ்டத்தின் வருஷ சர்வீஸும் என் கையில்தான் இருக்கிறது. என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய்யாகச் சரி என்று எழுத மாட்டேன்.

ஒன்றை மட்டும் கவனி. மைதானத்தில் ஜெனரேட்டரிலிருந்து எடுக்கும் லைனில் எர்த் இருக்காது. காந்தா அம்மா கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் சுரீர் என்று அடிக்கும். எனக்கு ஒரு தடவை அடித்துப் பல்லெல்லாம் ஆடியது.

சிரில்


அல்சூர்,
9 ஆகஸ்ட் 2025

சிரிலுக்கு,

எர்த் பற்றி எனக்கு நீ சொல்கிறாய்! முப்பத்தோரு வருஷம் என் கையால் போன பேனல் எதிலும் எவனுக்கும் ஷாக் அடித்ததில்லை. இருந்தாலும் எழுதியது நல்லது. அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கென்று தனி போர்டு செய்தேன். எட்டு பிளக், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற பிரேக்கர். கிருஷ்ணப்பா அதற்கு மாலை போட வேண்டும் என்றார்.

கருவி எல்லாம் வந்துவிட்டது. டிரம் செட் அதேதான். காந்தாவுக்கு ஐம்பது வாட் கிட்டார் பெட்டி. ஒயர் மைக் மூன்று, பாட்டுக்கு ஸ்பீக்கர் ஒரு ஜோடி. எனக்குப் பதினைந்து அங்குலம். ஆனால் நீ சொன்ன முந்நூறு வாட் வாங்கவில்லை. ஐந்நூறு வாங்கினேன். காரணம் இருக்கிறது. ஞானசேகரன் எங்கள் நேரத்தை மாலை ஏழிலிருந்து நாலுக்கு மாற்றிவிட்டார். "நாலு மணிக்கு ஜனம் இருக்காது மேடம், உங்களுக்கும் டென்ஷன் இருக்காது" என்றார். ஜனம் இல்லை என்றால், ஜனத்தை வரவழைக்கிற சத்தம் வேண்டும். முந்நூறு இருக்கிற ஜனத்துக்கு. மீதி இருநூறு இல்லாத ஜனத்துக்கு.

பயிற்சி பாத்திரக் கோடவுனில். முதல் வாரம் ஒரே கூத்து. நான் மூன்றாவது நாணைத் தொட்டால் பிரியாணி அண்டாக்கள் எல்லாம் சேர்ந்து ஆமென் சொல்கின்றன. நாலாவதுக்குக் கரண்டிகள். எந்தச் சத்தம் எங்களுடையது, எது பாத்திரத்தினுடையது என்று தெரியவில்லை. காந்தா அண்டாவுக்கு அண்டா நடுவில் ஷாமியானாத் துணியைத் திணித்தாள். இப்போது கேட்டுக்கொண்டு நிற்கின்றன.

மூன்று பாட்டு இருக்கிறது. மாதாவுக்கு ஒன்று. வண்டிகள் நகராமல் கிடக்கும் சில்க் போர்டு சிக்னலுக்கு ஒன்று. தண்ணீர் லாரிக்கு ஒன்று. எல்லாம் காந்தா எழுதியவை. லாரிப் பாட்டில், "வரும் வரும்னு சொன்னாங்க" என்று அவள் பாடினால், "வரல! வரல!" என்று நாங்கள் இருவரும் கத்த வேண்டும். கிருஷ்ணப்பா கத்தும்போது வேகத்தைக் கூட்டிவிடுகிறார். "கண்டக்டர் விசில் அடிச்சா மாதிரி ஆயிடுது மேடம், காலு தானா போகுது" என்கிறார். நான் பேஸில் பிரேக் போடுகிறேன். டிரைவரை அடக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

நான் சொன்னதை நீ இன்னும் செய்யவில்லை. நினைவூட்டல் இதோடு முடிந்தது. இனி கேட்க மாட்டேன். செப்டம்பர் ஏழு, நாலு மணி. கொயர் சவுண்டுக்காக நீ எப்படியும் அங்கே இருப்பாய். எனக்காக வர வேண்டாம். ஆனால் காது இருந்தால் திறந்து வை.

மௌரீன்


ஹெப்பகோடி,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நாம் பேசவில்லை. நீ மேடையில் இருந்ததால் உனக்குத் தெரியாதவற்றை எழுதுகிறேன். சாட்சியாக வைத்துக்கொள்.

நான் இரண்டு மணிக்கு வந்தபோது நீ மேடைக்குப் பின்னால் முட்டி போட்டு, தரையில் குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். ஞானசேகரன் சார் வந்து, "என்ன மேடம் குழி? வாழை நடறீங்களா?" என்றார். "எர்த் சார். உங்க லேப்டாப்புக்கும் சேத்துதான்" என்றாய். அது உண்மையாகிவிட்டது. சாயங்காலம் கோயில் லைன் இரைந்தபோது, கொயருக்கும் உன் எர்த்திலிருந்துதான் இழுத்தேன்.

நாலு மணிக்குத் தூறல். பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். காந்தா அம்மா மைக்கில், "கேக்குதா?" என்றார். கிருஷ்ணப்பா நாலு எண்ணினார். நீ ஆரம்பித்தாய்.

அக்கா, நான் பாட்டைக் கேட்கவில்லை. உன் நாலு நாணை மட்டும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். மைதானத்தின் நடுவில், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி. கடைசி வரிசையில், அப்படியே. கோயில் கேட்டுக்கு வெளியே மெழுகுவர்த்திக் கடையில், கண்ணாடிக் கூட்டுக்குள் வத்திகள் மெல்ல அதிர்ந்தன. கடைக்கார அம்மா, "யாருப்பா உள்ள? நெஞ்சுல வந்து தட்டுதே" என்றார். ரோட்டைத் தாண்டினேன். ஆட்டோ ஸ்டாண்டில் மஞ்சுநாத் என்கிற டிரைவர் மீட்டரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "யாரு சார் பேஸ் வாசிக்கறது? சக்கத்தா இருக்கு, சூப்பர்!" என்று கேட்டார். பேஸ் என்றே கேட்டார். கிட்டார் என்று சொல்லவில்லை.

"எங்க அக்கா" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க சார்" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து காட்டினேன். அவர் பின்னாலேயே மூன்று டிரைவர்கள் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கேட்டில் கும்பல். பொரி கடை, பலூன்காரர், சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தட்டோடு வந்துவிட்டார்கள். லாரிப் பாட்டில் ஐந்நூறு பேராவது "வரல! வரல!" என்று கத்தினார்கள். இருபத்தைந்து நிமிஷம் முடிந்ததும் ஞானசேகரன் சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பக்கத்தில் இருந்த ஃபாதர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, உங்களைப் பார்த்து இன்னொன்று என்று விரலைக் காட்டினார். நீ அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். லாரி மூன்று தடவை வந்தது.

கொயர் பாடும்போது முன்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, "அந்த ஆன்ட்டி இதுல வாசிக்கலையா? ஏதோ காலியா இருக்கே" என்றார்கள். பத்தொன்பது வருஷம் தாமதமாக ஜனங்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது.

இனி என் விஷயம். சனிக்கிழமை, ஆறாம் தேதி, அதே அறையில் ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது. அதே ஆட்கள். எழுந்து நின்றேன். "ஏப்ரல்ல நான் சொன்னது தப்பு. வாசிச்சவங்க மேல குறை இல்ல. பெட்டி சின்னது, மேல துணி. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும், சொல்லல" என்றேன்.

ஞானசேகரன் சார், "சிரில், சிஸ்டம் வித்தவனே இப்படிப் பேசறே?" என்றார்.

"விக்கறதுக்காகத்தான் சார் அன்னிக்கு அப்படிப் பேசினேன்" என்றேன்.

சர்வீஸ் கான்ட்ராக்ட் திருவிழாவோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே லேசாக இருந்தது. உனக்கு உடனே எழுதவில்லை. நேற்றைய தினம் உன்னுடையது, என்னுடையதைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டாம் என்று விட்டேன்.

மன்னித்துவிடு அக்கா.

சிரில்


அல்சூர்,
12 செப்டம்பர் 2025

தம்பி சிரிலுக்கு,

உன் கடிதத்தைக் காந்தா கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். மெழுகுவர்த்தி அதிர்ந்த இடத்தில் கிருஷ்ணப்பா மறுபடி படிக்கச் சொன்னார். ஆட்டோக்காரர் "பேஸ்" என்று சொன்ன இடத்தை நான் கேட்காமலே இரண்டு தடவை படித்தேன்.

கமிட்டியில் நீ பேசியது எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெரியும். மாதர் சங்கத்துக்குத் தெரியாமல் அந்த அறையில் ஒரு நாற்காலிகூட நகராது. குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உன்னைப் பார்த்தேனே, தெரிந்துதான் பார்த்தேன். பேசியிருப்பேன். பேசினால் குரல் உடைந்துவிடும், உடைந்தால் 'வரல' என்று எப்படிக் கத்துவது? அதனால் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஞானசேகரன் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், கொயருக்குத் திரும்பி வரணும். துணி கிணி எதுவும் போட மாட்டோம்."

"வர முடியாது சார். எனக்கு பேண்ட் இருக்கு."

"ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறாவது?"

"நீங்க நல்லா ஆர்கன் வாசிப்பீங்க. எங்களுக்கு ஒரு கீபோர்டு ஆள் தேவைப்படலாம். சனிக்கிழமை கோடவுனுக்கு வந்து வாசிச்சுக் காட்டுங்க. மூணு பேரும் கேட்டுட்டு சொல்றோம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். வருவார் என்று காந்தா சொல்கிறாள். வந்தால் வேகமாக வாசிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

அத்திபெலேயில் அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டுக்காரர் திருவிழாவில் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார். எண்ணூறு பேர் வருவார்களாம். மேடையிலிருந்து என் சத்தம் எங்கே அறுகிறது என்று நடந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை உனக்கு. கூலி எல்லோருக்கும் சமமாக நாலு பங்கு. கிருஷ்ணப்பாவுக்குப் பூரண சம்மதம். நீ மேடையில் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் சொல்லலாம், அதுவும் தப்பு என்று பட்டால் அன்றைக்கே. பதினோரு வருஷம் கழித்து வேண்டாம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, கவனி. மீன்குழம்பு ஞாயிற்றுக்கிழமை. வந்து சாப்பிடு. இரண்டும் வேறு வேறு.

மேடையில் முதல் ஸ்வரத்தைத் தொட்டபோது பலகை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக நான் வாசிப்பது எனக்கே முழுதாக வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஜனம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று இருந்தது. வந்தார்கள்.

எண்ணூறு பேருக்கு ஒரு பெட்டி போதாது. அதே அளவில் இன்னொன்று வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தப் போகிறேன். இரண்டும் சேர்ந்து எத்தனை கிலோ வரும் என்று எழுது. வேண்டாம் என்று எழுதாதே.

உன் அக்கா
மௌரீன்